நெக்டரின்: பார்த்து வாங்க, பழுக்க வைக்க, ருசித்துச் சாப்பிட. திருகோணமலை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரத்துப் பழக்கடைகளில் அப்பிள், தோடம்பழம், முந்திரிகைப்பழம் ஆகியவை வருடம் முழுக்க இருக்கும். வருடத்தில் சில வாரங்களில் மட்டும் அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு பழம் வந்து உட்காரும். சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம், மெழுகு பூசியதுபோன்ற வழுவழுப்பான தோல், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. விலையைக் கேட்டுவிட்டுப் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். வாங்குபவர்களிலும் பாதிப்பேர் அன்றைக்கே கடித்துப் பார்த்து, "புளிப்பாக, கட்டையாக இருக்கிறதே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது நெக்டரினுக்கு நடக்கும் அநியாயம். சரியாகத் தெரிவு செய்து, சரியாகப் பழுக்கவிட்டு, சரியான நேரத்தில் வெட்டினால் மிக நல்ல பழம் அது. எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இது என்ன பழம் என்று தெரிந்துகொள்வது

நெக்டரின் என்பது தோலில் மயிர் இல்லாத பீச் பழம். அவ்வளவுதான். பீச்சும் நெக்டரினும் ஒரே இனம். தாவரவியலில் இரண்டுக்கும் புரூனஸ் பெர்சிக்கா என்பதே பெயர். பீச்சையும் பிளம்ஸையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய கலப்புப் பழம் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. அது பிழை. ஆய்வுகூடத்தில் மரபணு மாற்றி உருவாக்கிய பழமும் அல்ல. பீச்சின் தோலில் பட்டுப்போன்ற மயிரை வளர வைக்கும் மரபணு ஒன்று உண்டு. தாய் வழியாக வந்ததும் தந்தை வழியாக வந்ததும் ஆகிய அதன் இரண்டு பிரதிகளும் செயலிழந்திருந்தால் தோல் வழுவழுப்பாக வருகிறது. 2014 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். இடம் மாறும் தன்மையுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு அதற்குள் புகுந்து அதை முடக்கிவிட்டிருந்தது. இயற்கையில் தானாக நடந்த மாற்றம் இது.

அதனால்தான் பீச் மரத்தின் ஒரு கிளையில் மட்டும் நெக்டரின் காய்ப்பதும், பீச் கொட்டையை நட்டால் நெக்டரின் மரம் முளைப்பதும் அபூர்வமாக நடக்கிறது. சார்ள்ஸ் டார்வின் 1868 இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட மரங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மரபணு என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அவருக்கு அது பெரிய புதிராக இருந்தது.

பீச்சின் பிறப்பிடம் சீனா. அங்கிருந்து பாரசீகம் வழியாக மேற்கே போய்ச் சேர்ந்தது. பாதாம், பிளம்ஸ், அப்ரிகொட், செரி எல்லாம் இதன் நெருங்கிய சொந்தங்கள். நெக்டரினின் கொட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே அச்சு அசலாக ஒரு சின்னப் பாதாம் பருப்பு இருக்கும். பார்க்கலாம், சாப்பிடக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: மாம்பழத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

நாங்கள் மாம்பழத்தோடு வளர்ந்தவர்கள். கறுத்தக்கொழும்பானை முற்றிய காயாகப் பிடுங்கி வைக்கோலுக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ வைத்தால் சில நாளில் தேனாக இனிக்கும். காயாக இருந்தபோது அதற்குள் சேர்ந்திருந்த மாப்பொருள், பழுக்கும்போது சீனியாக மாறுவதுதான் காரணம். வாழைக்காயும் அப்படித்தான். அதனால் "வாங்கி வைத்தால் இனித்துவிடும்" என்பது எங்களுக்கு ஊறிப்போன நம்பிக்கை.

நெக்டரினுக்குள் அப்படிச் சேமித்து வைத்த மாப்பொருள் கிடையாது. அதற்கு வேண்டிய சீனி முழுவதும் மரத்து இலைகளிலிருந்து காம்பு வழியாக வர வேண்டும். காம்பிலிருந்து பிரித்த அன்றே அந்த வரவு நின்றுவிடும். பிறகு வீட்டில் வைத்தால் மூன்று காரியம் நடக்கும்: சதை இளகும், புளிப்பு ஓரளவு குறையும், வாசம் கிளம்பும். புளிப்புக் குறைவதால் நாக்குக்கு முன்பைவிட இனிப்பாகத் தெரியும். உண்மையில் சீனி கூடியிருக்காது. அவசரப்பட்டு இளசிலே பறித்த நெக்டரினை எந்த அரிசிப் பானையும் இனிக்க வைக்காது.

ஆகவே இந்தப் பழத்தில் உங்கள் கையில் இருப்பது இரண்டு விஷயம். மரத்திலேயே நன்றாக முற்றிய பழத்தைக் கடையில் கண்டுபிடிப்பது ஒன்று. அதன் வாசத்தையும் சாற்றையும் வீட்டில் கெடுக்காமல் வெளியே கொண்டுவருவது மற்றது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

மூன்றாம் படி: எப்போது தேடுவது

நெக்டரின் குளிர்நாட்டுக் கோடைப் பழம். அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, சிலி போன்ற தென்கோள நாடுகளில் கோடை நவம்பர் அளவில் தொடங்கி மார்ச் வரை போகும். எங்களுக்கு அது மாரியும் தைப்பொங்கலும் வரும் காலம். ஸ்பெயின், இத்தாலி, துருக்கி, கலிபோர்னியா பக்கத்து அறுவடை மே முதல் செப்டெம்பர் வரை. அந்த நேரத்தில் இங்கே கச்சான் காற்று அடிக்கும். மாம்பழமும் பாலைப்பழமும் சந்தையை நிரப்பியிருக்கும்.

என் விருப்பம் டிசெம்பர், ஜனவரிதான். மே, ஜூன் மாதங்களில் எங்கள் மண்ணில் விளைந்த நல்ல பழங்கள் மலிவாகக் கிடைக்கும்போது கடல் கடந்து வந்த பழத்துக்குக் காசு கொடுக்க மனம் வராது. மழைக்காலத்தில் வீடும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். பழம் பழுக்க அதுவே நல்ல சூழல். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கண்ணில் பட்டால் ஒரு பருவத்தின் கடைசிச் சரக்காக இருக்கலாம். நெடுநாள் குளிர்க் களஞ்சியத்தில் கிடந்த பழமா என்று யோசித்து வாங்குங்கள்.

எங்கே கிடைக்கும்? நகரத்து சுப்பர்மார்க்கெட்டுகளில், இறக்குமதிப் பழம் விற்கும் கடைகளில், அதுவும் எப்போதாவது. வழமையாகக் கொழும்புக்குப் போய் வருபவர்கள் வீட்டில் இருந்தால் அங்கேயிருந்து வாங்கி வரச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் மட்டும் பையில் போட்டு வரச் சொல்லாதீர்கள். பழ ஈ போன்ற பூச்சிகள் கூடவே வந்துவிடும் என்பதால் பச்சைப் பழம் கொண்டுவருவது தாவரத் தொற்றுக்காப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது.

நான்காம் படி: கடையில் தெரிவு செய்வது

சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள். நெக்டரினின் சிவப்பு வெயில் பட்ட பக்கத்தில் ஏறும் நிறம். சில வகைகளில் காயாக இருக்கும்போதே முக்கால்வாசி சிவந்துவிடும். கடைக்காரரும் வாங்குபவரும் சிவப்பைத்தான் விரும்புகிறார்கள் என்பதால் அப்படியான வகைகளையே அதிகம் பயிரிடுகிறார்கள். பழத்தின் முதிர்ச்சியைச் சிவப்பு சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது அடிநிறத்தை. பழத்தைத் திருப்பிக் காம்பு இருந்த குழியைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு ஏறாத அந்த இடத்தில் பச்சை தெரிந்தால் வைத்துவிடுங்கள்; அது இளசில் பறித்தது. பொன்மஞ்சளாக இருந்தால் நல்லது. வெள்ளைச் சதை வகையாக இருந்தால் அந்த இடம் பாலாடை நிறத்தில் இருக்கும். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, தோலில் நுண்ணிய வெளிர் புள்ளிகள் அள்ளித் தூவியதுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அனுபவமில்லாதவர்கள் நோய்ப் புள்ளி என்று நினைத்து விலக்குவார்கள். சீனி அதிகம் ஏறிய பழங்களில் காணப்படும் புள்ளிகள் அவை. மாசு மறுவற்ற பளபளப்புப் பழத்தையும் புள்ளி போட்ட பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் கையை நீட்டுவது புள்ளி போட்டதற்குத்தான்.

பிறகு மூக்கு. மாம்பழத்தைக் காம்புப் பக்கம் மோந்து பார்ப்பதுபோலவே இதையும் பாருங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பழம் மணக்காது. உள்ளங்கைக்குள் ஒரு நிமிடம் பொத்தி வைத்துவிட்டு மோந்தால் வாசம் வரும். பூவும் தேனும் கலந்த ஒரு மணம் மெல்லியதாகவேனும் வர வேண்டும். வரவே இல்லையென்றால் அந்தப் பழத்திடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாகத்தான் கை. நடுப்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்காதீர்கள். அமுக்கிய இடம் அடுத்த நாள் கறுத்துவிடும். வாங்காமல் போனால் வேறொருவர் தலையில் அது விழும். காம்புக் குழிக்குப் பக்கத்துத் தோள்ப்பகுதியை உள்ளங்கையால் மெல்ல அணைத்துப் பாருங்கள். இலேசாக இடம் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் சாப்பிடலாம். கல்லுப்போல இருந்தாலும் அடிநிறம் மஞ்சளாக இருந்தால் வாங்கலாம், வீட்டில் இளகும். தோல் சுருங்கியிருந்தாலோ, காம்புக் குழியில் ஈரமோ பழுப்பு வளையமோ இருந்தாலோ வேண்டாம்.

ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரையும் பாருங்கள். 4036, 4378 என்ற எண்கள் மஞ்சள் சதை நெக்டரினுக்கு உரியவை. முன்னது சிறிய அளவு, பின்னது பெரிய அளவு. எண்ணுக்கு முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை முறையில் விளைந்தது என்று பொருள். நாட்டின் பெயரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதை மூன்றாம் படியில் சொன்ன மாதங்களோடு பொருத்திப் பார்த்தால் பழம் புதிதா பழையதா என்பது ஓரளவு பிடிபடும்.

கடைக்காரரிடம் கேட்கவும் தயங்காதீர்கள். "தம்பி, இது எப்ப வந்தது? வெள்ளையா மஞ்சளா உள்ளுக்க?" என்று கேட்டால், "நேற்றைய லொறியில வந்தது அக்கா, மஞ்சள்தான். ஒண்டு வெட்டிக் காட்டவா?" என்று சொல்லும் கடைக்காரர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வெட்டிக் காட்டினால் மறுக்காதீர்கள். வெட்டிக் காட்ட வழியில்லாத இடத்தில் முதலில் ஒரே ஒரு பழம் வாங்கிப் பாருங்கள். ஒரு பெட்டியின் பழங்கள் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில், ஒரே அறுவடையில் வந்தவை. ஒன்று நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை ஒன்று இந்தப் பழத்தில் உண்டு என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். அது ஆறாம் படியில் வரும்.

ஐந்தாம் படி: வெள்ளையா, மஞ்சளா?

மஞ்சள் சதை நெக்டரினில் இனிப்போடு புளிப்பும் துணிந்து நிற்கும். இளகிய பிறகுதான் இரண்டும் சமநிலைக்கு வரும். வெள்ளைச் சதையில் பொதுவாகப் புளிப்பு மிகக் குறைவு; கெட்டியாக இருக்கும்போதே இனிக்கும், அப்பிளைப்போல மொறுமொறுவென்று கடித்துச் சாப்பிடலாம். பழுக்க வைக்கப் பொறுமை இல்லாதவர்களும் புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்களும் வெள்ளையிலிருந்து தொடங்குங்கள். என்னைக் கேட்டால் மஞ்சள்தான். நன்கு பழுத்த மஞ்சள் நெக்டரினின் வாசத்துக்கு வெள்ளை ஈடாகாது.

ஆறாம் படி: எங்கள் வெக்கையில் பழுக்க வைப்பது

நெக்டரின் நன்றாகப் பழுக்கும் வெப்பநிலை 18 முதல் 25 பாகை செல்சியஸ் வரை. திருகோணமலையில் மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 34, 35 பாகை சாதாரணம். அடுப்படி மேசையிலோ யன்னல் கட்டிலோ வைத்தால் வாசம் வருவதற்கு முன்பே தோல் சுருங்கி, ஒரு பக்கம் நொந்துவிடும்.

வீட்டில் மிகக் குளிர்ச்சியான மூலையைக் கண்டுபிடியுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் உள் அறையின் சீமெந்துத் தரை, மண்குடம் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கம், வெயில் படாத அலுமாரியின் கீழ்த்தட்டு. ஒரு தட்டில் பழைய பேப்பர் விரித்து, பழங்களை ஒன்றோடொன்று முட்டாமல், காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு வையுங்கள். தோள்ப்பகுதி அகலமாக இருப்பதால் பாரம் பரவும், அடிபடாது. மேலே ஒரு பருத்தித் துணி போதும்.

கல்லுப்போல இருக்கும் பழத்தைச் சீக்கிரம் இளக வைக்க வேண்டுமென்றால் கடதாசிப் பையில் போட்டு, கூடவே ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் வைத்து வாயை மடித்துவிடுங்கள். வாழைப்பழம் விடும் எதிலீன் வாயு நெக்டரினையும் தூண்டிவிடும். பொலித்தீன் பை வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்; நெக்டரினுக்குப் பூஞ்சணத்தைத் தாங்கும் சக்தி குறைவு.

காலையும் மாலையும் பார்க்க வேண்டும். எங்கள் காலநிலையில் காலையில் கெட்டியாக இருந்தது இரவுக்குள் பதமாகிவிடுவதுண்டு. தோள்ப்பகுதி இடம் கொடுக்கிறது, அறைக்குள் நுழையும்போதே மணக்கிறது என்றால் நேரம் வந்துவிட்டது.

இப்போது அந்த மறைந்திருக்கும் குறை. பழுக்காத நெக்டரினைக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கவே கூடாது. ஏறக்குறைய 2 முதல் 8 பாகை வரையான குளிர்தான் இந்தப் பழத்துக்குக் கெடுதல். 0 பாகையை ஒட்டி வைத்தால் சில வாரங்கள் தாங்கும். கப்பலில் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி 4, 5 பாகையில், அந்தக் கெட்ட எல்லைக்கு நடுவில் இருக்கிறது. அங்கே சில நாள் கிடந்த காயில் சாற்றைப் பிடித்துவைக்கும் பெக்டின் சரியாகக் கரையாமல் போய்விடும். வெளியே எடுத்ததும் பழம் இளகும். வெட்டினால் ஈரமே இல்லாமல், மாவு மாவாக, பஞ்சை மெல்வதுபோல இருக்கும். கொட்டையைச் சுற்றிச் சதை பழுப்பு நிறமாகியிருக்கலாம். வழியில் எங்காவது குளிர் பிசகினாலும் இதே கதிதான். தோலில் ஒரு அடையாளமும் தெரியாது. நெக்டரினில் ருசியே இல்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் கிடைத்தது இப்படிக் கெட்ட பழமாகத்தான் இருக்க வேண்டும்.

பழுத்து முடிந்த பழத்தை மட்டும் இரண்டு மூன்று நாள் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கலாம். சாப்பிட அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த பழத்தில் வாசம் அடங்கிப்போயிருக்கும்.

ஏழாம் படி: கழுவி வெட்டுவது

தோலை உரிக்க வேண்டாம். நிறமும் நார்ச்சத்தும் வாசத்தின் நல்ல பகுதியும் தோலில் இருக்கின்றன. ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். சவர்க்காரம் போட வேண்டாம். சாப்பிடப் போகும் பழத்தை மட்டும் கழுவுங்கள். கழுவி ஈரத்தோடு வைத்தால் அழுகும்.

பழத்தின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டில் கத்தியை வைத்துக் கொட்டையில் முட்டும்வரை இறக்கி, பழத்தைச் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய இடத்தில் சேருங்கள். பிறகு இரண்டு பாதியையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கொட்டை ஒட்டாத வகையென்றால் ஒரு பாதி சுத்தமாகக் கழன்று வரும். மற்றப் பாதியில் கொட்டை குந்தியிருக்கும், விரலால் நெம்பினால் போதும். அது இருந்த குழி பல வகைகளில் இரத்தச் சிவப்பாக இருக்கும். அழுகல் என்று பயப்பட வேண்டாம், இயல்பான நிறம்.

திருகியும் கழலவில்லையென்றால் அது சதை கொட்டையோடு ஒட்டிய வகை. வலுக்கட்டாயமாகத் திருகினால் பழம் கூழாகிவிடும். மாங்காயைச் சீவுவதுபோலக் கொட்டையைச் சுற்றிக் கீலம் கீலமாக வெட்டி எடுங்கள். வெட்டிய துண்டுகள் காற்றுப் பட்டுக் கறுக்கும்; உடனே பரிமாறாவிட்டால் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் புரட்டி வையுங்கள்.

எட்டாம் படி: முதன்முறை ருசி பார்ப்பது

முதல் துண்டை ஒன்றும் சேர்க்காமல் தோலோடு சாப்பிடுங்கள். தோலுக்கு ஒட்டிய இடம் இலேசாகப் புளிக்கும், நடுச்சதை இனிக்கும், கொட்டைப் பக்கம் மெல்லிய பாதாம் வாசம் வரும். அப்புறம் உப்பும் மிளகுத்தூளும் தொட்டு ஒரு துண்டு.

மூன்றாவதாகத் தயிர். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் இதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். கெட்டித் தயிரை ஒரு கோப்பையில் போட்டு, மஞ்சள் நெக்டரின் கீலங்களை அடுக்கி, மேலே ஒரு கரண்டி கித்துள் பாணி. பாணியின் புகை வாசமும் தயிரின் கொழுப்பும் பழத்தின் புளிப்பும் ஒன்றாக வரும்போது விலை கொடுத்தது வீண்போகவில்லை என்று தெரியும். விருந்தாளிக்கு இரண்டு பழத்தை வைத்து நாலு பேருக்குப் பரிமாறவும் இதுவே வழி.

இனிப்பில்லாமல் போன கெட்டிப் பழத்துக்கு அச்சாறு. மூன்று பழத்தைத் தோலோடு கட்டைவிரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. எல்லாவற்றையும் மண்சட்டியில் போட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால், உப்பும் சீனியும் பழத்தின் தண்ணீரை இழுத்து அடியில் சிவப்புச் சாறு தேங்கும். அம்பரெல்லாவையும் அன்னாசியையும் அச்சாறு போடும் கைக்கு இது ஒரு வேலையே அல்ல.

மாவாகிப் போன பழத்தைப் பச்சையாகக் காப்பாற்ற முடியாது. அதைச் சமைத்துவிடுங்கள்: அரைக் கிலோ சதைக்கு 250 கிராம் சீனி, ஒரு தேசிக்காயின் சாறு, ஒரு துண்டு கறுவா. மெல்லிய நெருப்பில் கிண்டிக் கெட்டியானதும் இறக்கி, சுத்தமான போத்தலில் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரத்துக்குப் பாணுக்குப் பூசிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: உடம்புக்கு என்ன?

100 கிராம் நெக்டரினில் ஏறக்குறைய 44 கலோரி, 8 கிராம் சீனி, 1.7 கிராம் நார், 200 மில்லிகிராம் பொற்றாசியம். மிச்சம் பெரும்பகுதி தண்ணீர். அதே அளவு மாம்பழத்தில் சீனி 13 கிராமுக்கு மேல். நீரிழிவுக்காரர் அளவோடு சாப்பிட ஏற்ற பழம்தான். ஆனால் சாறாக அடித்துக் குடிக்காமல் வெட்டிச் சாப்பிடுங்கள். சிறுநீரக நோயால் பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகு தொடுங்கள்.

விற்றமின் சி வேண்டுமென்று நெக்டரின் வாங்காதீர்கள். 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். வீட்டு வளவில் நிற்கும் கொய்யாவில் அது 200 மில்லிகிராமைத் தாண்டும். நெக்டரின் ருசிக்காகச் சாப்பிட வேண்டிய பழம்.

சிலருக்கு இதைக் கடித்ததும் உதடும் தொண்டையும் அரிக்கும். பீச், பிளம்ஸ், செரி, பாதாம் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டையை நீக்கி, மெல்லிய கீலமாகவே கொடுங்கள்.

இனி அந்தப் பருப்பு. கொட்டைக்குள் இருக்கும் பாதாம் போன்ற விதையில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. மென்று விழுங்கினால் அது வயிற்றில் சயனைட்டை வெளிவிடும். தெரியாமல் முழுக் கொட்டையை விழுங்கினால் அந்த நஞ்சு வெளிவராது. உடைத்துப் பருப்பைத் தின்பதுதான் ஆபத்து. கல்லெடுத்துக் கொட்டை உடைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொட்டையை உடனே அப்புறப்படுத்துங்கள்.

பத்தாம் படி: கொட்டையை நடலாமா?

நல்ல பழம் சாப்பிட்டதும் கொட்டையை வளவில் புதைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். திருகோணமலையில் அது காய்க்காது. நெக்டரின் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்க வேண்டும். 7 பாகைக்குக் கீழான குளிரை, வகையைப் பொறுத்து, சில நூறு மணி நேரம் முதல் ஆயிரம் மணி நேரம் வரை அனுபவித்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். எங்கள் மார்கழி இரவுகள் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. புளோரிடாவில் குறைந்த குளிர் போதுமான வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கும் 100, 200 மணி நேரக் குளிராவது வேண்டும்.

கொட்டை முளைப்பதற்கே ஈரமான குளிர் தேவை. மலைநாட்டில், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் வளவும் ஆர்வமும் உள்ள உறவினர் இருந்தால் முயன்று பார்க்கலாம். கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈர மணலோடு ஒரு டப்பாவில் போட்டு, குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வையுங்கள். பழுக்காத பழத்தைக் கெடுக்கும் அதே 4, 5 பாகை, விதைக்கு வேண்டிய குளிர். ஓடு வெடித்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் பையில் நட்டு மலைநாட்டுக்கு அனுப்பலாம். வெயில் நன்றாகப் படும், தண்ணீர் தேங்காத சரிவில் நட வேண்டும். எல்லாம் ஒத்துழைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். பக்கத்தில் பீச் மரம் இல்லாத தோட்டத்தில் விளைந்த பழத்தின் கொட்டையென்றால் அனேகமாக நெக்டரினாகவே காய்க்கும். பீச்சின் மகரந்தம் கலந்திருந்தால் பழத்தில் மயிர் வரும்.